கெட்டுப்போனால் பாகம் எங்கே கிடைக்கும்?
எலக்ட்ரிக் மலை சைக்கிள் வாங்க நினைப்பவர்களுக்கு, பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. தனிசந்திரா ரோட்டில் பின் சக்கரம் பஞ்சர். காக்ஸ் டவுனிலிருந்து லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறி இறங்கி, ஹென்னூர் ரோட்டைப் பிடித்து, ஜக்கூர் வழியாக எலஹங்காவைத் தாண்டி அவலஹள்ளிக் காட்டுக்குப் போவது என் வாராந்திர வழக்கம். நல்லவேளையாக டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை திறந்திருந்தது. சக்கரத்தின் நடுவில் சின்ன டிபன் பாக்ஸ் அளவுக்கு உட்கார்ந்திருந்த மோட்டாரைப் பார்த்ததும் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். “கரண்ட் வண்டி சார். கழட்டிடுவேன். ஆனா வயர் அறுந்துச்சுன்னா நீங்க என்னத்தானே கேப்பீங்க?”

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றாமல், டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி எடுத்து, ட்யூபை வெளியே இழுத்தார். சக்கரத்திலேயே மாட்டியிருக்கும் ட்யூபைத் தண்ணீரில் முக்க முடியாது. காற்றடித்து, கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய்க் காற்று படும் இடத்தைத் தேடி, அங்கேயே உரசி ஒட்டுப் போட்டார். இருபது நிமிடம் ஆனது.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அந்த மோட்டார் வயரை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். செயின் ஓடும் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி, ஆக்ஸிலிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கனெக்டர் இருந்தது. இரண்டு பக்கமும் சின்ன அம்புக்குறி. அம்பும் அம்பும் நேராக நிற்க, திருகாமல் நேராக இழுத்தால் கழன்று வருகிறது. ஆக்ஸில் நட்டுக்கு 18 மில்லிமீட்டர் ஸ்பானர். வண்டி வாங்கும்போது இந்த இரண்டு விஷயத்தையும் யாரும் சொல்லவில்லை. நானும் மோட்டார் எத்தனை வாட், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேனே தவிர, இது கெட்டால் யார் பார்ப்பார், பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கவில்லை. ஐந்து வருடமாக இந்த வண்டிகளை ஓட்டியும் நண்பர்களுக்கு வாங்கித் தந்தும் பார்த்ததில், முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான் என்று புரிந்தது. கீழே எழுதியிருப்பது முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

சட்ட விதியை முதலில் முடித்துவிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நிமிடம் தொடர்ந்து தரும் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், மோட்டாரின் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிடுவதாகவும் இருந்தால் அது சைக்கிள். பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். 500 வாட், 750 வாட் மோட்டார் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் பதிவும் இல்லாமல் இன்ஷூரன்ஸும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் கைக்கு எட்டும் வழிகள் நான்கு. ஒன்று, சுமார் முப்பதாயிரத்தில் தொடங்கும், சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த உள்நாட்டு ஹப் மோட்டார் வண்டிகள்: ஹீரோ லெக்ட்ரோ, புனேவின் ஈமோட்டராட், டாட்டா குழுமத்தின் ஸ்ட்ரைடர் போன்றவை. இரண்டு, அதே ஹப் மோட்டார், ஆனால் கொஞ்சம் பெரிய பேட்டரியும் நல்ல பாகங்களும் கொண்டவை. டெக்கத்லான் விற்ற ராக்ரைடர் இ-எஸ்டி100 இந்த வகை. 42 நியூட்டன் மீட்டர் மோட்டார், 380 வாட்-மணி பேட்டரி. மூன்று, பெடல் அச்சில் மோட்டார் வைத்த மிட் டிரைவ் வண்டிகள். பாஷ், ஷிமானோ மோட்டார்களோடு வெளிநாட்டிலிருந்து வருபவை, விலை லட்சங்களில். நான்கு, நல்லதொரு சாதாரண மலை சைக்கிள் (எம்டிபி) வாங்கி அதில் மோட்டார் கிட் மாட்டிக்கொள்வது.

மோட்டார் எங்கே இருக்கிறது

ஹப் மோட்டாரா மிட் டிரைவா என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆள் 75 கிலோ, வண்டி 25 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 100. பத்து சதவீதச் சரிவில், அதாவது நூறு அடி போனால் பத்து அடி உயரும் மேட்டில், இந்த எடையைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 10 கிலோ. 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள ஹப் மோட்டார் 29 அங்குலச் சக்கரத்தில் தரையில் தருகிற தள்ளுவிசை ஏறக்குறைய 11 கிலோ. ஆக, அந்த மேட்டில் மோட்டாரால் வண்டியைக் கீழே நழுவாமல் பிடித்துக்கொள்ள முடியும், அவ்வளவுதான். மேலே போவது உங்கள் காலில் இருக்கிறது. சக்கரம் பெரிதாக ஆக இந்த விசை இன்னும் குறையும். ஒரே மோட்டாரைப் போட்டாலும் 29 அங்குல வண்டியைவிட 26 அங்குல வண்டி மேட்டில் தெம்பாக ஏறுவது இதனால்தான்.

மிட் டிரைவில் மோட்டார் உங்கள் காலோடு சேர்ந்து செயினை இழுக்கிறது. முன்னால் 34 பல், பின்னால் 51 பல் என்று மிகச் சின்ன கியரில் போட்டால், 85 நியூட்டன் மீட்டர் மோட்டாரின் விசை சக்கரத்துக்கு வரும்போது ஒன்றரை மடங்காகப் பெருகும். தரையில் 35 கிலோ தள்ளுவிசை. அதே மேடு, மூன்று மடங்குக்கு மேல் பலம். வேகம் குறையும், ஆனால் ஏறும். கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையில் மிட் டிரைவ்தான் மலை சைக்கிள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹப் மோட்டாரை மெதுவாக, நீண்ட மேட்டில் வதைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான சைக்கிள் ஹப் மோட்டார்களுக்குள் மூன்று நைலான் பல்சக்கரங்கள் உண்டு. உள்ளே வேகமாகச் சுழலும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தருபவை அவைதான். சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கொடுத்த கரண்டில் பெரும்பகுதி சூடாகப் போகிறது. சூட்டில் நைலான் இளகித் தேய்கிறது. முதலில் ‘கரகர’வென்று ஒரு சத்தம் வரும், பிறகு மோட்டார் சுற்றும் ஓசை கேட்கும், வண்டி நகராது. என் நண்பரின் வண்டியில் அப்படி ஆனபோது ஒரு மெக்கானிக் பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றித் திறந்து காட்டினார். கிரீஸ் முழுக்க வெள்ளை நைலான் தூள். ஒரு பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பல்லே இல்லை, விரலால் தடவினால் வழவழவென்றிருந்தது.

அதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. மோட்டாரின் மேல் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் பொறித்திருந்ததால், அதற்கான மூன்று பல்சக்கரங்களையும் தனியாக வரவழைக்க முடிந்தது. மோட்டார் பிழைத்தது. அதே மாதத்தில் இன்னொருவருக்கு, மோட்டாரில் சைக்கிள் கம்பெனியின் முத்திரை மட்டும் இருந்தது, வேறு எந்த எண்ணும் இல்லை. கம்பெனி ‘முழுச் சக்கரமாகத்தான் தருவோம்’ என்றது, அதற்கும் ஏழு வாரம். கடையில் வண்டியைப் பார்க்கும்போதே குனிந்து மோட்டாரின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாத வழுவழு மோட்டார் என்றால், நான் அந்த வண்டியை வாங்கமாட்டேன்.

மிட் டிரைவுக்கும் தனி நோய்கள் உண்டு, செலவும் அதிகம். மோட்டாரின் பலம் முழுவதும் செயின் வழியாகப் போவதால் செயின், பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான கேசட், முன்பக்கப் பல்சக்கரம் எல்லாம் சாதாரண சைக்கிளைவிட வேகமாகத் தேயும். செயின் நீட்சியை அளக்க ஒரு சின்னத் தகடு விற்கிறார்கள். அரை சதவீதம் காட்டியதும் செயினை மாற்றிவிட்டால் கேசட் பிழைக்கும், ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’ என்று விட்டால் இரண்டையும் வாங்க வேண்டும். பாஷின் நான்காம் தலைமுறை சிஎக்ஸ் மோட்டார் உள்ள வண்டியில், இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் போகும்போது உள்ளே ‘கடகட’ என்று ஆடும் சத்தம் உலகம் முழுவதும் உரிமையாளர்கள் சொன்ன குறை. உள்ளே இருக்கும் ஒருவழிச் சுழலியின் ஆட்டம் அது. ஓட்டத்துக்குக் கேடில்லை, ஆனால் காதுக்கு ஒவ்வாது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் லீவோ வண்டிகளில் வந்த ப்ரோஸ் மோட்டாருக்குள் ஒரு பட்டை ஓடும். சத்தமே இருக்காது. ஆனால் அந்தப் பட்டை அறுந்து நடுக்காட்டில் நின்றவர்கள் பலர். ஒன்றில் சத்தம், மற்றொன்றில் பட்டை. குறையே இல்லாத மோட்டார் என்று ஒன்றை இதுவரை யாரும் செய்யவில்லை.

நமக்கு அதைவிட முக்கியமானது, இந்த மோட்டார்களை டீலரின் கணினியில் மாட்டினால்தான் கோளாறு என்னவென்று முழுதாகத் தெரியும் என்பது. உள்பாகங்களைக் கம்பெனி தனியாக விற்பதும் இல்லை. கெட்டால் மொத்த மோட்டாரையும் மாற்றுவதுதான் வழக்கம். ஆகவே மிட் டிரைவ் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “இந்த மோட்டாரைச் சோதிக்கும் மென்பொருளும் கருவியும் பெங்களூருக்குள் உங்கள் கையில் இருக்கிறதா? காட்டுங்கள்.” காட்டினால் வாங்கலாம். ‘மும்பைக்கு அனுப்புவோம், சிங்கப்பூரிலிருந்து வரும்’ என்றால், அந்தக் காத்திருப்பும் விலையில் சேர்ந்ததுதான் என்று கணக்கு வையுங்கள்.

பேட்டரி கழன்று வருகிறதா

காக்ஸ் டவுனில் பழைய பங்களாக்கள் இருந்த இடமெல்லாம் மூன்று மாடி, நான்கு மாடி ஃப்ளாட் ஆகிவிட்டது. பல கட்டடங்களில் லிஃப்ட் இல்லை. கீழே நிறுத்துமிடத்தில் பிளக் பாயின்ட் இல்லை. நான் முதலில் வாங்கிய வண்டியின் பேட்டரி, சட்டத்தின் கீழ்க்குழாய்க்குள் நிரந்தரமாக அடைக்கப்பட்டிருந்தது. பார்க்க அழகு. வயர் வெளியே தெரியாது, திருடனுக்கும் பேட்டரி இருப்பதே தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை சார்ஜ் போடவும் 22 கிலோ வண்டியைத் தோளில் தூக்கி மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. இரண்டாவது மாதம் படிக்கட்டுத் திருப்பத்தில் பெடல் சுவரில் உரசி, வீட்டுக்காரர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, சுண்ணாம்பு அடித்துத் தந்தேன். எட்டாவது மாதம் பேட்டரியே கெட்டபோது, கழற்ற முடியாத அந்தப் பேட்டரிக்காக முழு வண்டியையும் சர்வீஸ் சென்டருக்கு டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனேன். சாவி போட்டால் கழன்று வரும் பேட்டரி, ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு வசதியல்ல, அடிப்படைத் தேவை. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் வேண்டாம்.

பேட்டரியின் அளவை ஆம்பியர்-மணியில் சொல்வார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வோல்ட்டோடு பெருக்கினால்தான் உண்மையான கொள்ளளவு தெரியும். 36 வோல்ட், 5.8 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 209 வாட்-மணி. 10.4 என்றால் சுமார் 374. இப்போது மேடு ஏறும் கணக்குக்கு வருவோம். அதே 100 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 27 வாட்-மணி வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 35-க்கு மேல் போகும். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டரில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 400 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், காலை மடக்கிக்கொண்டு மோட்டாரை மட்டும் நம்பினால் 140 வாட்-மணிக்கு மேல் காலி. காக்ஸ் டவுனிலிருந்து நந்தி அடிவாரம் வரை ஏர்போர்ட் ரோட்டிலேயே பாதிப் பேட்டரியைத் தீர்த்துவிட்டு, மீதியோடு மலையேற நினைத்தவர்கள் கடைசி வளைவுகளில் 22 கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் போடும் தூரம் சமதளத்தில், மிதமான எடையில், மிகக் குறைந்த உதவியில் எடுத்தது. நம் சாலைக்கு அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

36 வோல்ட் பேட்டரிக்குள் பத்து வரிசை செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 42. வாங்கிய முதல் வாரமே முழு சார்ஜ் ஏற்றிய பின் ஒரு மல்டிமீட்டரை வைத்து அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பேட்டரி 40-ஐத் தாண்டவில்லை என்றால், பத்தில் ஒரு வரிசை பலவீனமாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஒரு வரிசை துவண்டாலே பாதுகாப்புப் பலகை மொத்தப் பேட்டரியையும் அணைத்துவிடும். டிஸ்ப்ளேயில் இரண்டு கட்டம் இருக்கும்போதே மேட்டில் திடீரென்று உயிர் போகிறது என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். வாரன்டிக்குள் இருக்கும்போது இந்த எண் கையில் இருந்தால் வாதாட வலு உண்டு.

ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த 2022-க்குப் பிறகு, மோட்டார் வாகனமாகப் பதிவாகும் இருசக்கர வண்டிகளின் பேட்டரிக்கு ஏஐஎஸ்-156 விதிகளை அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. 250 வாட்டுக்குக் கீழ் உள்ள சைக்கிள் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கே வெளியே நிற்பதால், பேட்டரி என்ன சோதனைக்கு உட்பட்டது, செல் யாருடையது என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் செல் வாங்கி யாரோ ஸ்பாட் வெல்டிங் செய்து தரும் பேட்டரியை, குழந்தைகள் தூங்கும் வீட்டுக்குள் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடுவதை நான் ஒப்பமாட்டேன். அசல் பேட்டரிக்கு மாற்றுப் பேட்டரியின் விலையை, வண்டி வாங்கும் அன்றே எழுத்தில் கேளுங்கள். விலை சொல்லத் தயங்கும் கடையில் பேட்டரி வராது.

தண்ணீர்

மே மாத மாலை மழையும் அக்டோபர் மழையும் பெங்களூருக்குப் புதிதல்ல. காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் முட்டிக்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளியதும் புதிதல்ல. பேட்டரி ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது என்று பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் தராது. சர்வீஸ் கடையில் பைக் கழுவும் பிரஷர் பம்பைச் சைக்கிளின் ஹப்பிலும் கனெக்டரிலும் காட்டுவதுதான் நான் கண்ட மிகப் பெரிய கொலை. ஈரத்துணி போதும். ஐபி67 என்ற எண் எந்தப் பாகத்துக்கு என்றும் கேளுங்கள். பேட்டரிக்கு மட்டும் இருக்கலாம். டிஸ்ப்ளேக்கும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்கும் இல்லாமல் போகலாம். கன்ட்ரோலர் பெட்டி சட்டத்தின் மிகத் தாழ்வான இடத்தில், முன்டயர் தெறிக்கும் சேற்றின் நேர்வழியில் வைக்கப்பட்டிருந்தால் அது வடிவமைப்பின் தவறு, விலை எவ்வளவு இருந்தாலும்.

பெடல் எப்படி மோட்டாருக்குச் சொல்கிறது

மலிவான வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் காந்தத் தட்டு இருக்கும். மெதுவாகச் சுற்றினாலும் முழு உதவி வரும், நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிக்கொண்டே இருக்கும். வீலர் ரோட்டு நெரிசலில் ஆட்டோ திடீரென்று நிற்கும்போது அந்த ஒரு நொடி பெரிது. அதனால்தான் இவ்வகை வண்டிகளின் பிரேக் லீவரில் மோட்டாரை உடனே அணைக்கும் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். விழுந்து லீவர் உடைந்தால், பக்கத்துக் கடையில் சாதாரண லீவரை வாங்கி மாட்டிவிடாதீர்கள். அந்த சுவிட்ச் இல்லாமல் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் எதிர்த்துத் தள்ளும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள வண்டிக்குச் சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம். காட்டுப் பாதையில் சமநிலை தவறாமல் ஏற அது வேண்டும், பேட்டரியும் நீடிக்கும்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். 25 கிலோ வண்டிக்குக் கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் நகரத்தில் போதும், இறக்கத்தில் போதாது. அமெரிக்காவில் லெக்ட்ரிக் நிறுவனம் 2023-இல் சுமார் 45,000 வண்டிகளின் கேபிள் டிஸ்க் காலிப்பரைத் திரும்பப் பெற்று மாற்றித் தர வேண்டியதாயிற்று. நந்தி இறக்கத்தில் இரண்டு விரலால் பிடிக்க முடிவது ஹைட்ராலிக் பிரேக்கைத்தான்.

சின்னப் பாகங்கள்தான் வண்டியை நிறுத்துகின்றன

மோட்டார் கெட்டு வீட்டில் நின்ற வண்டிகளைவிட, முந்நூறு ரூபாய்ப் பாகம் கிடைக்காமல் நின்ற வண்டிகளை அதிகம் பார்த்திருக்கிறேன். முதலாவது, கியர் மாற்றும் டீரெயிலரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்ற குட்டி அலுமினியத் துண்டு. வண்டி வலது பக்கம் விழுந்தால் சட்டம் வளையாமல் இது வளைய வேண்டும் என்பதற்காகவே மெல்லியதாகச் செய்கிறார்கள். அது நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். வாங்கும்போதே இரண்டு கேட்டு வாங்கிப் பையில் போடுங்கள்.

இரண்டாவது, பின் சக்கரத்து ஸ்போக். ஹப் மோட்டார் பெரிது, அதனால் ஸ்போக் குட்டை. மோட்டாரின் எடையும் இழுப்பும் சேர்ந்து, பெங்களூரின் குழிகளில் ஸ்போக் அதன் வளைந்த முனையில் உடையும். அந்த நீளம் எந்தத் தெருக்கடையிலும் இருக்காது. பத்து உபரி ஸ்போக், நிப்பிளோடு. முதல் 200 கிலோமீட்டரில் ஸ்போக் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்த வண்டிகளில் ஸ்போக் உடைந்து நான் பார்த்தது அரிது.

இதற்கு எதிர்ப்பக்கம், உள்நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் வரும் திருகி மாட்டும் ஏழு கியர் ஃப்ரீவீல். பார்க்க மட்டமாகத் தெரியும். ஆனால் சிவாஜிநகரிலும் ஃப்ரேஸர் டவுனிலும் எந்தச் சைக்கிள் கடையிலும் அன்றே கிடைக்கும். பன்னிரண்டு கியர் கேசட்டின் நயத்தை நானும் விரும்புகிறேன். ஆனால் அதன் செயின் அறுந்த சனிக்கிழமை மாலையில் இந்த ஏழு கியரின் அருமை தெரியும்.

ஒரே கம்பெனியின் பாகம் மட்டுமே பொருந்தும்படி செய்த வண்டி எங்கே கொண்டுவிடும் என்பதற்கு உலகம் பார்த்த பாடம் வான்மூஃப். ஆம்ஸ்டர்டாமின் அந்தக் கம்பெனி அழகான நகரச் சைக்கிள்களைச் செய்தது; எல்லாப் பாகமும் சொந்த வடிவம், பூட்டே செயலியில். 2023 ஜூலையில் திவாலானது. செயலியின் சர்வர் நின்றுவிட்டால் வண்டியையே திறக்க முடியாதே என்று உரிமையாளர்கள் அவசர அவசரமாகத் தங்கள் வண்டியின் மின்னணுச் சாவியைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் வேறொரு கம்பெனி வாங்கியது என்றாலும், அந்த இடைவெளியில் பழுதான வண்டிகளுக்குப் பாகம் தேடி அலைந்தவர்கள் ஏராளம். செயலி இல்லாமல் ஓடாத வண்டியை நான் வாங்க மாட்டேன். செயலி கூடுதல் வசதியாக இருந்தால் தவறில்லை.

கிட் மாட்டுவது

உங்களிடம் நல்ல சாதாரண எம்டிபி ஏற்கெனவே இருந்தால் இதை யோசிக்கலாம். பின் சக்கர ஹப் கிட்டுக்கு அலுமினியச் சட்டம் என்றால் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் தாங்கியைக் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஆக்ஸில் சுழன்று சட்டத்தின் வாயைப் பிளந்து, வயரையும் அறுத்துவிடும். பெடல் அச்சில் மாட்டும் பாஃபாங் வகைக் கிட்டுக்கு, 68 அல்லது 73 மில்லிமீட்டர் மரையுள்ள பழைய பாணி அச்சுக்கூடு வேண்டும். நம் ஊர் எம்டிபிகள் பலவற்றில் அது உண்டு. இதன் பெரிய பலம், எல்லாப் பாகமும் தனித்தனியாகக் கிடைப்பது. பலவீனம், சட்டமும் ஃபோர்க்கும் பிரேக்கும் இந்த எடைக்கும் வேகத்துக்கும் செய்யப்படாதவை என்பது. தானே ஸ்பானர் பிடிப்பவருக்கு மட்டும் இந்த வழி.

யாருக்கு எது

அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய், மாதம் ஒருமுறை ஜக்கூர் ஏரிக்கோ அவலஹள்ளிக்கோ போகிறவர் முதல் வகையில், கழற்றும் பேட்டரியும் எண் பொறித்த மோட்டாரும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்ளட்டும். மீதிப் பணத்தில் நல்ல ஹெல்மெட். ஒவ்வொரு வாரமும் மண் பாதைக்குப் போய், ஆனால் நந்தியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடுபவருக்கு இரண்டாம் வகை. 370 வாட்-மணிக்குக் குறையாத பேட்டரி, டார்க் சென்சார், ஹைட்ராலிக் பிரேக். நான் இப்போது ஓட்டுவது இதுதான். முழங்கால் வலியோடு மலைப்பாதையை விட மனமில்லாதவரும், ஊட்டி, குடகு என்று வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறவரும் மிட் டிரைவுக்குச் சேமிக்கலாம். அவர்களிடம் அவசரப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்: நல்ல டீலர் கிடைத்த பிறகு வண்டி, வண்டி பிடித்த பிறகு டீலர் அல்ல.

கடையில் சொன்ன ஒவ்வொரு வாக்கையும் பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். பாகம் இல்லை என்று இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. எனக்கு ஒரு சார்ஜர் மாற்றித் தர நான்கு மாதம் சாக்குச் சொன்ன கடை, புகார் எண்ணை அனுப்பிய ஒன்பதாவது நாள் ஆளனுப்பி வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனது.

சோதனை ஓட்டத்தைக் கடை வாசலில் முடிக்காதீர்கள். லிங்கராஜபுரம் மேம்பாலத்தில், மோட்டாரை முழுதாக அணைத்துவிட்டு ஒருமுறை ஏறிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த மாலையில் நீங்கள் ஓட்டப்போவது அந்த வண்டியைத்தான். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடியுங்கள். பிறகு பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைப் பையன் கனெக்டரைத் தேடினால் நீங்களும் தேட வேண்டிவரும். பேட்டரிப் பூட்டுக்கு இரண்டு சாவி தருவார்கள். சாவியில் பொறித்த எண்ணை அன்றே படம் எடுத்துவிட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.